இரண்டாவது பதிவேடு

எங்கள் திருவேற்காட்டில் ஓய்வு பெற்றவர்கள் நாலு பேர் கூடினால் முழங்கால் வலிக்கும் பிள்ளைகளின் வெளிநாட்டு வேலைக்கும் அடுத்தபடியாக அதிகம் அடிபடுவது, அரசுப் பணம் எங்கே போகிறது என்ற பேச்சுதான். அதிலும் பள்ளிக்கூடச் சாப்பாடு என்று வந்துவிட்டால் எல்லோருக்கும் ஒரே தீர்ப்பு. "எல்லாம் திருட்டு சார், மேலிருந்து கீழ்வரைக்கும்." இப்படிச் சொல்பவர்களில் ஒருவர்கூட அந்தச் சாப்பாட்டுக் கணக்கைக் கண்ணால் பார்த்தவர் இல்லை. நான் பார்த்திருக்கிறேன். சில ஆண்டுகள் அதுதான் என் பிழைப்பு. ஒரு ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் சத்துணவுப் பிரிவு எழுத்தராக இருந்தவன் என்ற முறையில், இந்தச் செலவைக் கண்காணிப்பது பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

முதலில் ஒரு சொல்லைப் பற்றி. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது நண்பர்களுக்குத் தெரியும். தமிழ்நாடு அரசுப் பணியில் சேர்ந்த பிறகு தமிழ்த் தேர்வு எழுதித்தான் வேலையை உறுதிப்படுத்திக்கொண்டேன். பிரெஞ்சில் கண்காணிப்புக்கு, சரிபார்ப்புக்கு, 'கோந்த்ரோல்' என்று பெயர். 'கோந்த்ர்' என்றால் எதிர். 'ரோல்' என்றால் கணக்கு எழுதிய சுருள், பதிவேடு. ஒருவர் எழுதும் கணக்குக்கு எதிராக வேறொருவர் தனியாக ஒரு கணக்கு வைத்திருப்பார். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆங்கிலேயர்கள் இதை வாங்கிக்கொண்டு 'கன்ட்ரோல்' ஆக்கினார்கள். நாம் அதைக் கட்டுப்பாடு என்று மொழிபெயர்த்து, கயிறு போட்டுக் கட்டுகிற காரியம் ஆக்கிவிட்டோம். மூலப் பொருள் எளிமையானது. இரண்டாவது பதிவேடு, அதுவும் வேறொரு கையில்.

பள்ளிச் சாப்பாட்டின் நூறாண்டுக் கதையை இந்தச் சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு படித்தால் பல விஷயங்கள் புரிகின்றன.

1920ல் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த சர் பிட்டி தியாகராயச் செட்டியார், ஆயிரம் விளக்கிலிருந்த மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதியச் சிற்றுண்டி தரத் தீர்மானம் கொண்டுவந்தார். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக்கூடாது என்பது நிபந்தனை. பிறகு வேறு நான்கு பள்ளிகளுக்கும் விரிந்தது. பள்ளிக்கு வரும் பிள்ளைகளின் எண்ணிக்கையும் கூடியது. ஆனால் 1925 ஏப்ரல் 1 முதல் அது நின்றுபோனது. யாரும் திருடியதாகப் புகார் இல்லை. சோறு கெட்டுப்போனதாகவும் புகார் இல்லை. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சாப்பாட்டுக்குச் செலவிட அனுமதியில்லை என்று ஆங்கிலேய அரசு சொல்லிவிட்டது. அவ்வளவுதான். எழுத்தர்கள் பாஷையில் சொன்னால், கணக்குத் தலைப்பு சரியில்லை. பிறகு ஏழைப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று சுருங்கிய வடிவில் மறுபடி தொடங்கினார்கள்.

கணக்குத் தலைப்பு என்பது எங்களைப் போன்றவர்களுக்கு வேதவாக்கு. அதை நான் கேலி செய்யவில்லை. சாலைக்கு ஒதுக்கிய பணத்தில் சாப்பாடும், சாப்பாட்டுக்கு ஒதுக்கிய பணத்தில் ஜீப்பும் வாங்கத் தொடங்கினால் எதற்கும் கணக்கு நிற்காது. ஆனால் 'இந்தப் பணம் எந்தத் தலைப்பில் வருகிறது' என்ற கேள்வியோடு 'பிள்ளை சாப்பிட்டதா' என்ற கேள்வியையும் கேட்டிருந்தால், 1925ல் கோப்பை மூடுவதற்குப் பதிலாக வேறு தலைப்பைத் தேடியிருப்பார்கள்.

சென்னையில் இப்படி என்றால், புதுச்சேரியில் பிரெஞ்சு நிர்வாகம் 1930லேயே பள்ளிகளில் மதிய உணவைக் கொண்டுவந்துவிட்டது. என் பள்ளி நாட்களில் தாழ்வாரத்தில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவோம். 'சுர்வெயான்' என்று நாங்கள் அழைத்த கண்காணிப்பாளர் ஒருவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பார். அவர் தட்டுகளைத்தான் எண்ணுவார், தட்டில் என்ன விழுந்தது என்று குனிந்து பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

தமிழ்நாட்டில் 1956ல் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் அரசுத் திட்டமானது. தொடக்கம் எட்டயபுரத்தில். அப்போது கல்வித் துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு. ஒரு சாப்பாட்டுக்கு 10 பைசா என்றால் அதில் 6 பைசா அரசு தரும், மீதி 4 பைசாவை உள்ளூர் மக்களும் உள்ளாட்சியும் போட வேண்டும். பணம் பற்றாத குறையால் வந்த ஏற்பாடு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கணக்குப் பிள்ளையின் கண்ணுக்கு இன்னொன்றும் தெரிகிறது. கைப்பிடி அரிசி கொடுத்தவர், அறுவடையில் ஒரு மூட்டை அனுப்பியவர், தான் கொடுத்தது அடுப்புக்குப் போனதா என்று எட்டிப் பார்க்காமல் இருப்பாரா? அந்த 4 பைசாவில் ஊர்க்காரர் கையில் ஒரு பதிவேடு இருந்தது. (அதே 1956ல்தான் பிரான்சில் 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் பள்ளி உணவகத்தில் ஒயின் ஊற்றக்கூடாது என்று அரசு தடை போட்டது. நாம் சோற்றுக்கு அலைந்த காலத்தில் அவர்களுக்கு அந்தக் கவலை!)

1982 ஜூலை 1 அன்று திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். தொடங்கிவைத்த சத்துணவுத் திட்டம் எல்லாவற்றையும் பெரிதாக்கிவிட்டது. முதலில் கிராமங்கள், அதே செப்டம்பரில் நகரங்கள், 1984ல் 15 வயது வரையுள்ள மாணவர்கள். ஊர்தோறும் ஓர் அமைப்பாளர், ஒரு சமையலர், ஓர் உதவியாளர். அரிசியும் பருப்பும் நுகர்பொருள் வாணிபக் கழகத்திலிருந்து வரும். காய்கறி, விறகு, தாளிப்புச் சாமான்களுக்கு உணவூட்டுச் செலவினம் என்று ஒரு சிறு தொகை. இருப்புப் பதிவேடு, உண்டவர் எண்ணிக்கைப் பதிவேடு, செலவுச் சீட்டுகள். மாதக் கடைசியில் இவை எல்லாம் துணிப் பையில் என் மேஜைக்கு வந்து சேரும். சில பதிவேடுகளில் சாம்பார் வாசனைகூட அடிக்கும்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. எந்த ஒன்றியம், எந்த ஊர் என்பது வேண்டாம். ஒரு மையத்தின் அமைப்பாளர் இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். இரண்டு குழந்தைகள். சொற்பத் தொகுப்பூதியம். அவருடைய பதிவேட்டில் எண்கள் இப்படி இருக்கும்: 61, 58, 34, 63, 60. அடுத்த ஊர் மையத்தில்: 85, 85, 85, 85, 85. ஆய்வுக்கு வந்தவர் இரண்டாவது பதிவேட்டில் 'சரிபார்க்கப்பட்டது' என்று கையெழுத்துப் போட்டார். முதலாவதில் 'எண்ணிக்கையில் ஏற்ற இறக்கம், விளக்கம் தேவை' என்று எழுதினார். கூடவே, ஆறு மாதக் காய்கறிச் செலவுக்கு ரசீது இல்லை என்பதால் அந்தத் தொகையைப் பிடித்தம் செய்யவும் பரிந்துரைத்தார். நானூறு ரூபாய்ச் சொச்சம் வந்தது.

அந்த அம்மா அலுவலகத்துக்கு வந்து என் மேஜைக்கு எதிரே நின்றுகொண்டே பேசினார். எத்தனை சொல்லியும் உட்காரவில்லை.

"மழை பெஞ்சா ஏரிக்கு அந்தாண்ட இருக்கிற புள்ளைங்க வராது சார். வராத புள்ளைக்குச் சோறு போட்டேன்னு எப்படி எழுதறது? கீரையும் கத்திரிக்காயும் கூடையில கொண்டாற ஆயாகிட்டதான் வாங்கறேன். அதுக்குக் கையெழுத்தே போடத் தெரியாது, ரசீதுக்கு எங்க போவேன்?"

பள்ளியின் வருகைப் பதிவேட்டை வரவழைத்தேன். 34 பேர் சாப்பிட்ட அன்று பள்ளிக்கு வந்திருந்ததே 36 பேர். நாள் நாளாக ஒப்பிட்டு ஒரு அட்டவணை போட்டு அலுவலகக் குறிப்பு எழுதினேன். எண்ணிக்கை பற்றிய விளக்கத்தை மேலதிகாரி ஏற்றுக்கொண்டார். ரசீது விஷயத்தில் மட்டும் விதி விதிதான் என்று சொல்லிவிட்டார். கூடைக்கார ஆயாவின் கைநாட்டு வைத்த கைச்சாத்து, தலைமையாசிரியர் சாட்சி, எதுவும் எடுபடவில்லை. தவணை தவணையாகப் பணம் பிடிக்கப்பட்டது.

அடுத்த ஆண்டு அந்த மையத்தின் செலவுச் சீட்டுகள் மிக ஒழுங்காக வந்தன. ஒவ்வொரு மாதமும் ஒரே மளிகைக் கடையின் அச்சடித்த ரசீது. கத்திரிக்காய் இவ்வளவு, கீரை இவ்வளவு என்று அழகான கையெழுத்து. அந்தக் கடை எனக்குத் தெரியும். காய்கறி விற்கிற கடையே இல்லை அது. தணிக்கைக் குறிப்பு ஏதும் எழவில்லை, கோப்பு சுத்தமாகிவிட்டது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். உண்டவர் எண்ணிக்கையில் மட்டும் அந்த அம்மா கடைசிவரை மழையை மறைக்கவில்லை. ஜூலையில் 60, நவம்பரில் 34 என்றுதான் எழுதிக்கொண்டிருந்தார்.

இதைப் படித்துவிட்டுத் தணிக்கையே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு சின்னக் கணக்கு. தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 100 கிராம் அரிசி. வராத பத்துப் பிள்ளைகளை வந்ததாக எழுதினால் நாளைக்கு ஒரு கிலோ. 220 வேலை நாட்களுக்கு 220 கிலோ. ஒரு மையத்தில் மட்டும் இவ்வளவு. 85, 85, 85 என்று நிற்கிற எண்ணுக்குப் பின்னால் இதுதான் இருக்க வாய்ப்பு. நாடு முழுவதுக்குமான மதிய உணவுத் திட்டத்தை ஆராய்ந்த சி.ஏ.ஜி.யின் 2015ஆம் ஆண்டு அறிக்கையும் இதைத்தான் சொன்னது. சாப்பிட்ட பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டுவது ஒரு வழக்கமாகவே ஆகியிருக்கிறது என்று. ஆகவே ஆய்வாளர் வரத்தான் வேண்டும். அவர் எந்தப் பதிவேட்டை எந்தப் பதிவேட்டோடு ஒப்பிடுகிறார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அமைப்பாளர் எழுதிய எண்ணை அதே அமைப்பாளர் எழுதிய இன்னொரு எண்ணோடு ஒப்பிட்டால் இரண்டும் பொருந்தாமல் எங்கே போகும்?

உத்தரப் பிரதேசத்தில் 2010ல் ஒரு புதுமை செய்தார்கள். தினமும் பள்ளி ஆசிரியர்களின் கைப்பேசிக்குத் தானியங்கி அழைப்பு போகும். இன்று எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று கேட்கும், அவர் எண்ணை அழுத்த வேண்டும். தகவல் அன்றன்றே தலைநகருக்குப் போய்விடும். நல்ல ஏற்பாடுதான். வேகம் கூடியது. ஆனால் எழுதுகிற கை பள்ளியின் கையாகவேதான் இருந்தது.

வேறொரு கைக்குப் பதிவேடு எப்படிப் போகும்? என் அனுபவத்தில் இதற்குச் சிறந்த விடையைத் தந்தது எந்த அதிகாரியும் அல்ல, முட்டை. சிரிக்காதீர்கள்.

1989ல் கலைஞர் ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று ஆரம்பித்தது. 1998ல் வாரம் ஒன்று. 2006ல் இரண்டு, 2007ல் மூன்று, 2010ல் ஐந்து. சாப்பிடாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம். புரதச் சத்து என்ற காரணம் எல்லோருக்கும் தெரியும். கணக்கு வழியில் பார்த்தால் முட்டைக்கு இன்னொரு குணமும் இருக்கிறது. பருப்பில் தண்ணீர் விடலாம், எண்ணெயைக் குறைக்கலாம், பதினைந்து கிராம் பருப்பு தட்டில் விழுந்ததா பத்துக் கிராம் விழுந்ததா என்று எந்தத் தாயாலும் சொல்ல முடியாது. முட்டையில் தண்ணீர் விட முடியாது. ஒன்று என்றால் ஒன்று. சாயங்காலம் வீட்டுக்கு வரும் முதல் வகுப்புக் குழந்தை, "இன்னிக்கு முட்டை போடல" என்று சொல்லிவிடும். அந்தக் குழந்தைக்கு எழுதத் தெரியாது, ஆனால் அதனிடம் ஒரு பதிவேடு இருக்கிறது. முட்டை வந்த பிறகு எங்கள் அலுவலகத்துக்கு வந்த புகார்கள் மாறின. முன்பெல்லாம் 'சாப்பாடு சரியில்லை' என்று பொத்தாம் பொதுவாக வரும். பிறகு, எந்தத் தேதியில் வரவில்லை என்று குறிப்பிட்டு வரத் தொடங்கியது. தேதி போட்ட புகாரை எந்த எழுத்தராலும் அவ்வளவு சுலபமாகக் கட்டி வைக்க முடியாது.

2013ல் கலவை சாத வகைகள் வந்ததும் இதே பலன்தான். எந்தக் கிழமைக்கு என்ன சாதம், எந்த மசாலா முட்டை என்று பட்டியல் வந்தது. பட்டியலைச் சுவரில் எழுதி வைத்தால், அதைப் படிக்கிற ஒவ்வொரு பிள்ளையும் தனக்கு இன்று என்ன வரவேண்டும் என்று அறிந்தவன். பாரிஸுக்குப் பக்கத்தில் குடியேறிய என் சித்தப்பா மகன் சொல்வான், அங்கே தொடக்கப் பள்ளி உணவகத்தை நகராட்சிதான் நடத்துகிறது, வாரப் பட்டியலைப் பள்ளி வாசலிலேயே ஒட்டிவிடுவார்கள் என்று. 2018ல் வந்த சட்டத்தால் வாரம் ஒரு நாள் சைவச் சாப்பாடும் கட்டாயம். சட்டம் சொன்னது நடக்கிறதா என்று பார்க்க அவனுக்கு எந்த அலுவலகத்துக்கும் போக வேண்டியதில்லை, பேத்தியை அழைத்துவரப் போனால் போதும்.

பணத்தை மட்டும் பார்க்கும் கண்காணிப்பு எதைத் தவறவிடும் என்பதற்கு ஜூலை 16 என்ற தேதியை நினைத்துக்கொண்டால் போதும். 2004 ஜூலை 16, கும்பகோணம். பள்ளியில் மதிய உணவு சமைத்த இடத்தில் பிடித்த தீ கூரைக்குப் பரவி 94 குழந்தைகள் மடிந்தார்கள். 2013 ஜூலை 16, பீகார் மாநிலம் சாரண் மாவட்டத்தில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் பூச்சிமருந்து கலந்திருந்தது. அடுப்புக்கு மேல் என்ன கூரை, எண்ணெய் எந்த டப்பாவில் இருந்தது என்று கேட்கும் பத்தி எந்த ரசீதிலும் கிடையாது.

2015ல் மத்திய அரசு வகுத்த மதிய உணவு விதிகள், பிள்ளைகளுக்குப் பரிமாறும் முன் ஆசிரியர் ஒருவர் உள்ளிட்ட பெரியவர்கள் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று சொல்கின்றன. ஆய்வுக்கூடத்தில் உணவு மாதிரியைச் சோதிக்கவும் சொல்கின்றன. எனக்கு மிகவும் பிடித்த விதி அந்த முதலாவதுதான். எங்கள் கருமாரியம்மன் கோயில் அன்னதானத்தில் யார் வேண்டுமானாலும் பந்தியில் உட்காரலாம். உப்பு குறைந்தால் அன்று மாலையே தெருவுக்குத் தெரிந்துவிடும். பள்ளிக்கூடத்தில் வெளியார் பந்தியில் உட்கார முடியாது, உட்காரவும் கூடாது. ஆகவே அந்த ஒரு கவளத்தை ஆசிரியர் நிஜமாகவே சாப்பிட வேண்டும். 'சுவைத்துப் பார்க்கப்பட்டது' என்று முப்பது நாளுக்கும் சேர்த்து ஒரே பேனாவில் எழுதினால் அதுவும் 85, 85, 85 கதைதான்.

இப்போது காலை உணவுத் திட்டமும் வந்துவிட்டது. 2022 செப்டம்பர் 15ல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்து, 2024 ஜூலை 15ல் ஊரகப் பகுதி அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் போனது. அந்தக் கடைசி விழா நடந்தது நம் திருவள்ளூர் மாவட்டத்துக் கீழச்சேரியில். இதில் இரண்டு விதமான கண்காணிப்பு இருக்கிறது. ஒன்று, சமையல் எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்று கைப்பேசிச் செயலியில் ஏற்றுவது. மற்றது யாரும் அதிகம் பேசாதது. ஊர்ப்புறங்களில் சமைக்க வருகிற மகளிர் குழுப் பெண்ணின் குழந்தை அதே பள்ளியில் படிக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். செயலியைவிட இந்த விதியை எழுதியவருக்குத்தான் நான் வணக்கம் சொல்வேன். தன் பிள்ளையின் தட்டிலும் விழப்போகிற பொங்கலில் யார் கல்லைப் பொறுக்காமல் விடுவார்?

கண்காணிப்பவர்கள் இன்னும் சரியாகப் பார்க்காத ஒரு பக்கமும் உண்டு. செலவுக்கு ரசீது கேட்கிறோம். பணம் என்றைக்கு அனுப்பினோம் என்று நம்மை யாரும் கேட்பதில்லை. நான் பிரிவில் இருந்த காலத்தில் உணவூட்டுச் செலவினம் தாமதமானால் அமைப்பாளர்கள் மளிகைக் கடையில் கடன் சொல்லித்தான் உலை வைத்தார்கள். கடனுக்கு வாங்கினால் கடைக்காரன் சொன்னதுதான் விலை, கொடுத்ததுதான் தரம். அந்தத் தாமதத்துக்கு எந்தப் பதிவேட்டிலும் ஒரு பத்தி இல்லை. இருந்திருந்தால் முதலில் விளக்கம் எழுத வேண்டியது அலுவலகம்தான்.

2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் சமூகத் தணிக்கை வேண்டும் என்கிறது. கணக்கை ஊர் நடுவே வாசித்துக் காட்டி, சாப்பிட்டவர்களையும் அவர்களைப் பெற்றவர்களையும் பேசவிடுவது. ஏட்டில் இருப்பது நல்ல ஏற்பாடு. நடக்கும்போது போய் உட்கார ஆள் வேண்டும். நம்மைப் போல ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு நேரம் இருக்கிறவர்கள் போகலாம். பதிவேட்டைப் பார்த்தாலே எது மழையில் நனைந்த எண், எது உட்கார்ந்த இடத்தில் எழுதிய எண் என்று நமக்குத் தெரியும். அதைத்தானே முப்பது நாற்பது வருடம் செய்தோம்?

அதற்கெல்லாம் நேரம் இல்லை என்பவர்கள் ஒரு சின்னக் காரியம் செய்யலாம். பக்கத்து அரசுப் பள்ளியில் இந்த வாரம் எந்தக் கிழமைக்கு என்ன சாப்பாடு என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் அந்தப் பள்ளிப் பிள்ளை யாராவது தெருவில் எதிர்ப்பட்டால், "இன்னிக்கு என்னம்மா சாப்பாடு?" என்று கேளுங்கள். வந்தது என்றால் சந்தோஷம். வரவில்லை என்றால் தேதியைக் குறித்துக்கொண்டு ஒரு தபால் அட்டை போடுங்கள். அதற்குப் பிறகு, "எல்லாம் திருட்டு சார்" என்று சொல்வதற்கு உங்களுக்குக் கொஞ்சம் உரிமை வரும்.